இலை முற்றும் வரை

கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கம் ஒரு மாந்தோப்பு. மாசி பிறந்து சில நாள் ஆகிறது. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை.

தோப்பின் ஒரு பாதி பெங்களூரா. கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். அது வருஷம் தவறாத மரம். கிளைக்குக் கிளை பூங்கொத்து நிற்கிறது. மறுபாதி அல்போன்சா. அதில் ஒரு கொத்துகூட இல்லை. போன வருஷம் முட்டுக் கொடுத்து நிறுத்தும் அளவுக்குக் காய்த்த மரங்கள் அவை. இந்த வருஷம் கரும்பச்சை இலையோடு சும்மா நிற்கின்றன.

பம்ப்செட் கொட்டகை வாசலில் நீல நிற ட்ரம் ஒன்று. 200 லிட்டர் பிடிக்கும். பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு மூங்கில் கழி, வடிகட்டக் கிழித்த பழைய வேட்டித் துணி. திண்ணையில் ஒரு கிலோ பொட்டலம் இரண்டு. பொட்டலத்தின் மேல் 13-0-45 என்ற எண்கள். உரக்கடையிலும் தோப்பிலும் அதுதான் பெயர். முழுப்பெயர் பொட்டாசியம் நைட்ரேட்.

தோட்டக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, கையில் டார்ச். ட்ரம் பக்கம் போகாமல் நேரே மரத்துக்குப் போகிறார்.

கிளை நுனியில் ஓர் இலையைப் பறிக்கிறார். உள்ளங்கையில் வைத்து மூடி நெரிக்கிறார். காதோரம் கொண்டுபோகிறார். நொறுங்கும் சத்தம் கேட்கிறது. கையை விரிக்கிறார். இலை துண்டு துண்டாகக் கிடக்கிறது.

அடுத்த மரம். அதே பறிப்பு, அதே நெரிப்பு. இங்கும் நொறுங்குகிறது.

ஏழெட்டு மரம் தாண்டி ஒன்றில் நிற்கிறார். நுனி இலைகள் வெளிர்ப்பச்சை. இரண்டு கிளையில் செம்பு நிறத்தில் கொழுந்து. இலையை நெரிக்கிறார். அது மடங்குகிறது, ஒடியவில்லை. மடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணிக்கீற்றை எடுத்துக் கிளையில் கட்டுகிறார்.

வெள்ளைத் துணி கட்டிய மரத்துக்கு இன்று தெளிப்பு இல்லை. நுனி இலை முற்றி, மொட்டு தயாராக இருக்கிற கிளையில்தான் இந்த உப்பு பூவை எழுப்பும். இளங்கிளையில் பட்டால் இலைக் கொழுந்துதான் வரும்.

டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி ஒன்று வருகிறது. பின்னால் பவர் ஸ்ப்ரேயர், சுருட்டிய மஞ்சள் ஓஸ். ஓட்டி வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் கேட்கிறான்.

“அடிச்சிரலாமாணா?”

“பனி காயட்டும்.”

அவன் திண்ணையில் உட்காருகிறான். செல்போனை எடுக்கிறான். வைக்கிறான். மறுபடி எடுக்கிறான்.

இலைகளின் நுனியில் பனி சொட்டாக நிற்கிறது. நனைந்த இலையில் தெளித்தால் மருந்து பனியோடு கலந்து நீர்த்து வழிந்துவிடும். தோட்டக்காரர் ஒரு கிளையை ஒற்றை விரலால் தட்டுகிறார். பொலபொலவென்று கொட்டுகிறது. விரலைத் துண்டில் துடைத்துக்கொள்கிறார்.

அவர் மனைவி தூக்குவாளியில் டீ கொண்டுவருகிறார். மூன்று டம்ளர். யாரும் பேசவில்லை. தார் ரோட்டில் பால் வண்டி போகிறது.

கிழக்கு வரிசைக்குப் பின்னால் சூரியன். மறுபடி ஒரு கிளையைத் தட்டுகிறார். ஒன்றும் விழவில்லை.

“கலக்கு.”

வாளிக்கு ஒரு பொட்டலம். வெள்ளை உப்பு தண்ணீரில் இறங்குகிறது. மூங்கில் கழி சுற்றுகிறது. கரையக் கரைய வாளி சில்லிடுகிறது. இந்த உப்பு கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். வாளியின் வெளிப்புறம் வியர்க்கிறது. பையன் ஈரக் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறான்.

அடியில் நறநறப்பு இருக்கிறதா என்று தோட்டக்காரர் கழியால் தடவிப் பார்க்கிறார். இல்லை. வேட்டித் துணியின் வழியே இரண்டு வாளியும் ட்ரம்முக்குள் போகின்றன. ட்ரம் நிறையத் தண்ணீர். 200 லிட்டருக்கு 2 கிலோ. ஒரு சதவீதம். பிப்ரவரி வரை பூக்காத மாமரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இதுதான். லிட்டருக்கு 10 கிராம். இது கிடைக்காவிட்டால் யூரியா, லிட்டருக்கு 5 கிராம்.

இந்த வழியைக் கண்டுபிடித்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தோட்டக்கலை விஞ்ஞானி ரமோன் பார்பா. 1970களில். அதற்கு முன் அந்த நாட்டில் மரத்தடியில் சருகை எரித்து, நாள்கணக்கில் புகை மூட்டித்தான் மாமரத்தைப் பூக்கவைத்தார்கள். பார்பா உப்புக் கரைசலைத் தெளித்துப் பார்த்தார். மரம் பூத்தது. காப்புரிமை எடுத்தார். விவசாயிகளிடம் அதற்குப் பணம் கேட்கவில்லை. 2014இல் அவருக்குத் தேசிய விஞ்ஞானி பட்டம் கிடைத்தது. பர்கூர்ப் பக்கத்துத் தோப்பில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவருடைய கணக்கு மட்டும் வாளியில் கரைந்து நிற்கிறது.

இன்ஜின் கயிற்றை இழுக்கிறான். மூன்றாவது இழுப்பில் பிடிக்கிறது. ஓஸ் விறைக்கிறது.

பையன் மரத்தை எட்டி நின்று மேலே அடிக்கத் தொடங்குகிறான். தோட்டக்காரர் கையை ஆட்டுகிறார். கையைத் திருப்பி, உள்ளங்கையை மேல்நோக்கிக் காட்டுகிறார். பையன் குனிந்து கிளைக்கு அடியில் நுழைகிறான். ஸ்ப்ரே கன் மேல்நோக்கித் திரும்புகிறது.

மாவிலையின் மேற்பக்கம் மெழுகு பூசியது. நீர் அங்கே முத்தாக உருண்டு வழியும். இலைத்துளைகள் எல்லாம் அடிப்பக்கத்தில். அடிப்பக்கம் நனையாத தெளிப்பில் பாதி வேலைதான் நடக்கும்.

புகைபோல் நீர்த்துளி பரவுகிறது. இலைகள் ஆடுகின்றன. இலை நுனியில் முதல் சொட்டு திரண்டு விழுகிறது. தோட்டக்காரர் கையைத் தூக்குகிறார். கன் மூடுகிறது. சொட்டத் தொடங்கினால் போதும். அதற்கு மேல் அடிப்பது தரைக்குத்தான்.

அடுத்த மரம். குனிவு, மேல்நோக்கு, முதல் சொட்டு, கைத்தூக்கல்.

மனைவி ஓஸைத் தூக்கிப் பிடித்து நடக்கிறார். அடிமரத்தில் சுற்றாமல் விலக்குகிறார். அவருடைய சேலை முந்தானை இடுப்பில் செருகியிருக்கிறது. பார்வை ஓஸில் இருக்கிறது.

வெள்ளைத் துணி மரம் வருகிறது. பையன் கன்னைத் திறக்கிறான்.

“அது வேண்டாம்.”

“ட்ரம்ல நெறைய இருக்குதுணா.”

“இருக்கட்டும்.”

கன் மூடுகிறது. ஓஸ் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.

ஒன்பது மணி நெருங்குகிறது. கொட்டகை ஓரத் தென்னையின் ஓலை நுனி அசையத் தொடங்குகிறது. தெளித்த துகள் மரத்தில் படாமல் வரப்புப் பக்கம் சாய்கிறது. தோட்டக்காரர் இப்போது அடித்து முடித்த மரத்தின் இலையைத் திருப்பிப் பார்க்கிறார். காய்ந்திருக்கிறது. காலையில் முதலில் அடித்த மரத்துக்கு நடந்து போகிறார். வெயில் படாத பக்கத்தில் அங்கே இன்னும் ஈரம் மினுங்குகிறது.

கரைசல் ஈரமாக இருக்கும் நேரமே அது இலைக்குள் போகும் நேரம். காய்ந்துவிட்டால் உப்பு இலையின் மேல் தங்கிவிடும்.

திரும்பி வந்து இன்ஜினை அவரே அணைக்கிறார்.

ட்ரம்மில் பாதி இருக்கிறது. பையன் ட்ரம்மையும் வெயிலையும் மாறி மாறிப் பார்க்கிறான். மனைவி ட்ரம்மின் மேல் சாக்கை விரித்து ஒரு கல்லை வைக்கிறார்.

“நாலரைக்கு வா.”

எக்ஸ்எல் வண்டி போகிறது.

பகல் பன்னிரண்டு. வேலிக்கு அப்பால் அடுத்த தோப்பில் இன்ஜின் சத்தம். வாடகை இயந்திரம் இந்த நேரத்துக்குத்தான் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. வெயிலில் நீர்த்துளிகள் பளபளக்கின்றன. ஒரு மரம் நனைந்து முடிவதற்குள் முந்தைய மரம் காய்ந்துவிடுகிறது. அவர்கள் வேகமாக நகர்கிறார்கள். ஒரு மணிக்குள் முடித்து இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தத் தோப்பில் தோட்டக்காரர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. இன்ஜின் சத்தம் நின்றதும் கண் திறக்கிறது.

நாலரை. தென்னை ஓலை அசையவில்லை. எக்ஸ்எல் வருகிறது. சாக்கு விலகுகிறது. மீதிப் பாதி ட்ரம் பொழுது சாய்வதற்குள் தீர்கிறது. ஓஸைச் சுருட்டும்போது இருட்டுகிறது. இலைகள் ஈரமாக இருக்கின்றன. இரவில் அவை சீக்கிரம் காயாது.

ஒரு வாரம்.

வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோப்புக்காரர் ஓர் இலையைப் பிடித்து நிற்கிறார். ஓரம் பழுப்பு. நுனி கருகியிருக்கிறது. இலையின் மேல் வெள்ளைப் பொடி. கட்டைவிரலால் தேய்க்கிறார். பொடி போகிறது. பழுப்பு அப்படியே இருக்கிறது.

இந்தப் பக்கம் தோட்டக்காரர் வேலி வரை வருகிறார். அவரும் ஓர் இலையைப் பறித்துப் பார்க்கிறார். குறை சொல்லவில்லை.

“அடுத்த தடவை நம்ம மிஷின் பையனையே சாயங்காலமா வரச் சொல்றேன்.”

பக்கத்துத் தோப்புக்காரர் தலையாட்டுகிறார்.

இரண்டு வாரம்.

அல்போன்சா கிளை நுனிகளில் மொட்டு பருத்திருக்கிறது. தோட்டக்காரர் தொடவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறார். செதில் பிரிந்த இடத்தில் இளஞ்சிவப்பு தெரிகிறது. அது இலையா பூவா என்று இன்னும் சில நாளில் சொல்லிவிடலாம். தினமும் காலையில் அதே கிளைக்கு வருகிறார். தினமும் அதே தூரத்தில் நிற்கிறார்.

ஐந்தாவது நாள் சிறு சிறு மணிகள் கொத்தாகப் பிரிகின்றன. பூ.

பங்குனி. அல்போன்சா வரிசை முழுக்கப் பூங்கொத்து. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்தைத் தாண்டியும் பூ இருக்கும். பெரும்பாலானவை ஆண் பூக்கள். காயாகக்கூடிய இருபால் பூக்கள் அவற்றின் நடுவே ஒளிந்திருக்கின்றன.

இன்று கொட்டகையில் ட்ரம் கவிழ்ந்து கிடக்கிறது. வாளிகள் ஒன்றுக்குள் ஒன்று. உரக்கடைப் பிரதிநிதி ஒருவர் வண்டியில் வருகிறார். ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டுகிறார். பூவில் அடித்தால் நன்றாகப் பிடிக்கும் என்கிறார். தோட்டக்காரர் பாட்டிலை வாங்கி, எழுத்தைப் படித்து, திருப்பிக் கொடுக்கிறார்.

“பூ முடியட்டும்.”

கொத்துகளில் ஈக்கள் மொய்க்கின்றன. கொசுத்தேனீக்கள் உட்கார்ந்து எழுகின்றன. மாம்பூவில் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் வேலை பெரிதும் இவற்றுடையது. பூவின் ஈரத்துக்கும் மணத்துக்கும் வருகின்றன. இந்த நாட்களில் தோப்பில் இன்ஜின் சத்தம் கிடையாது.

வெள்ளைத் துணி மரத்தில் இலை முற்றிவிட்டது. பூ இல்லை. துணி இன்னும் கிளையில் இருக்கிறது.

வியாபாரி ஒருவர் வருகிறார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சின்ன நோட்டு. வரிசை வரிசையாக நடந்து மரத்தை அண்ணாந்து பார்க்கிறார். உதட்டுக்குள் எண்ணுகிறார். பிஞ்சு நிற்கட்டும், அப்புறம் விலை பேசலாம் என்கிறார் தோட்டக்காரர். வியாபாரி நோட்டை மூடிப் பையில் வைக்கிறார்.

சித்திரை. பூ உதிர்ந்த காம்புகளில் பச்சைப் புள்ளிகள். கடுகுப் பருவம் என்று பெயர். புள்ளியும் கடுகு அளவுதான்.

திண்ணையில் 13-0-45 பொட்டலம் நான்கு. இந்த முறை 200 லிட்டருக்கு 4 கிலோ. இரண்டு சதவீதம். மாசியில் தெளித்தது பூவை எழுப்ப. இப்போது தெளிப்பது பிஞ்சை நிறுத்த. உப்பு அதேதான்.

பிற்பகல் மூன்று. எக்ஸ்எல் வந்து நிற்கிறது. தென்மேற்கில் மேகம் திரள்கிறது. தோட்டக்காரர் செல்போனில் மேகதூத் செயலியைத் திறக்கிறார். எழுத்துப் பெரிதாகும்படி விரலால் விரிக்கிறார். சில இடங்களில் மழைக்கு வாய்ப்பு.

நாலரை. மேகம் அங்கேயே நிற்கிறது. பையன் ஓஸைப் பிரித்துப் போடுகிறான்.

ஐந்து. ஒரு குளிர்ந்த காற்று. மனைவி கொடியில் காயும் துணியை எடுக்கிறார்.

ஐந்தரை. பொட்டலங்கள் பிரிக்கப்படவில்லை. தெளித்த கையோடு மழை வந்தால் 4 கிலோ உப்பும் மண்ணுக்குப் போகும். கடுகுப் பருவமோ சில நாள்தான்.

ஏழு. மேகம் ஆந்திர எல்லைப் பக்கம் நகர்கிறது. மழை இல்லை. இருட்டிவிட்டது. பையன் ஓஸைச் சுருட்டுகிறான். தோட்டக்காரர் பாதிக் கூலியை எண்ணிக் கொடுக்கிறார். அவன் வாங்கத் தயங்குகிறான்.

“வேலையே நடக்கலியேணா.”

“வந்து நின்னியே.”

மறுநாள் விடியலில் வானம் துடைத்துக் கிடக்கிறது. நான்கு பொட்டலமும் கரைகின்றன. குனிவு, மேல்நோக்கு, முதல் சொட்டு, கைத்தூக்கல். பையன் இப்போது யாரும் கை காட்டாமலே கிளைக்கு அடியில் நுழைகிறான்.

அடுத்த வாரங்களில் மரத்தடியில் பிஞ்சு கிடக்கிறது. கடுகு அளவில், பட்டாணி அளவில், கோலிக்குண்டு அளவில். எந்தத் தெளிப்பும் எல்லாப் பிஞ்சையும் நிறுத்தாது. ஒரு கொத்தின் ஆயிரம் பூவில் கடைசி வரை நிற்பது ஒன்றோ இரண்டோ. மனைவி பிஞ்சைக் கூட்டி முறத்தில் அள்ளுகிறார். கொஞ்சம் உப்பில் ஊறும். மீதி குப்பைக்குழிக்குப் போகும்.

ஆனி. அல்போன்சா கூடைகளில் இறங்குகிறது. பிறகு பெங்களூரா. சாலையில் லாரிகள் மாங்கூழ் ஆலைகளுக்கு வரிசை கட்டுகின்றன. வியாபாரியின் நோட்டில் எண்கள் நிறைகின்றன.

ஆடியில் தோப்பு காலி. கவாத்து. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வளர்ந்த கிளைகள், காய்ந்த காம்புகள் எல்லாம் வெட்டுப்படுகின்றன. மரத்துக்குள் வெளிச்சம் விழுகிறது.

ஆவணி மழைக்குப் பின் கொழுந்து. மரம் முழுக்கச் செம்பு நிறம். பிறகு வெளிர்ப்பச்சை. இந்த இலைகள்தான் அடுத்த மாசிக்கு முற்றி நொறுங்க வேண்டிய இலைகள்.

திண்ணையில் இப்போது வேறொரு பொட்டலம். பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மாம்பழ ஸ்பெஷல். துத்தநாகம், போரான் முதலான நுண்சத்துகளின் கலவை. பொட்டலத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம், ஷாம்பு பாக்கெட்.

மனைவி அரிவாள்மனையில் பழத்தை அறுக்கிறார். விதை விழாமல் வடிகட்டியில் பிழிகிறார். 15 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 75 கிராம் பொடி, எலுமிச்சைச் சாறு, ஒரு ஷாம்பு பாக்கெட். நிறுவனத்தின் செய்முறையே அப்படித்தான். போர்வெல் தண்ணீரின் காரத்தைச் சாறு குறைக்கும். மெழுகு இலையில் துளி உருளாமல் பரவ ஷாம்பு.

தோட்டக்காரர் ஒரு விரலைக் கரைசலில் தோய்த்து இலையில் ஒரு சொட்டு விடுகிறார். பக்கத்து இலையில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு. தண்ணீர் உருண்டையாக நிற்கிறது. ஓர் அசைவில் உருண்டு விழுகிறது. கரைசல் தட்டையாகப் பரவி இலையைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் பையனுக்குக் காட்டுகிறார். அவன் செல்போனில் படம் எடுக்கிறான்.

செம்பு நிறம் மாறாத மரங்களை இன்று விட்டுவிடுகிறார்கள். வெளிர்ப்பச்சைக்கு வந்த மரங்களுக்கு மட்டும் தெளிப்பு. மீதிக்குப் பத்து நாள் கழித்து.

பக்கத்துத் தோப்பிலும் இன்ஜின் சத்தம். மணி மாலை ஐந்து.

புரட்டாசி. மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி எடுக்கிறார்கள். மண்வெட்டி நான்கு. அடிமரத்தை ஒட்டி வெட்டுவதில்லை. கிளை நிழல் விழும் விளிம்பில்தான் சத்தை உறிஞ்சும் வேர்கள். டிராக்டரில் தொழுஉரம் வந்து குவிகிறது. ஆவி பறக்கிறது. கூடை கூடையாகப் பாத்தியில் விழுகிறது. மூட்டை உரம் அதன் மேல். பிறகு மண்.

வெள்ளைத் துணி மரத்துக்கும் அதே அளவு விழுகிறது.

ஆறு வயது தாண்டிய மாமரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுஉரம், 1 கிலோ தழைச்சத்து, 1 கிலோ மணிச்சத்து, ஒன்றரைக் கிலோ சாம்பல்சத்து என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்கு. மாசி மாதத் தெளிப்பில் ஒரு மரத்துக்குப் பத்து லிட்டர் போனது என்று வைத்தால் அதில் உப்பு 100 கிராம். தழைச்சத்து 13 கிராம், சாம்பல்சத்து 45 கிராம். மரத்தின் ஆண்டுத் தேவையில் சாம்பல்சத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மரத்துக்குச் சோறு மண்ணிலிருந்துதான். இலையில் தெளிக்கிற அந்தக் கொஞ்சம், இலை முற்றிய பிறகு, பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் போய்ச் சேர்ந்தால்தான் கொத்தாகிறது. நேரம் தப்பினால் அது வெறும் உப்புச் செலவு.